"வைரஸ் இல்லை"

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் வைராலஜிஸ்ட் என்று தெரிந்ததும் ஒரு மாணவி கேட்டார்: "சார், நீங்க எந்த வைரஸைக் கண்டுபிடிச்சீங்க?" ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை அம்மா. என் பணிக்காலத்தில் பெரும்பகுதி "போலியோ வைரஸ் இல்லை" என்று அறிக்கை எழுதியே கழிந்தது. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். என் வகுப்புத் தோழர்கள் தூங்கலாம். விலங்கியல் வகுப்பில் பழகியதுதானே!

1995இல் நாடு முழுவதும் பல்ஸ் போலியோ முகாம்கள் தொடங்கின. சொட்டு மருந்து எல்லோருக்கும் தெரியும். 1997இல் தொடங்கிய இன்னொரு வேலை வெளியே தெரியாது. 15 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்காவது திடீரென்று கை கால் துவண்டால், 14 நாட்களுக்குள், ஒரு நாளாவது இடைவெளி விட்டு இரண்டு முறை மலம் சேகரித்து, ஐஸ் பெட்டியில் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஆமாம், மலம்தான். முகம் சுளிக்காதீர்கள், எனக்குச் சோறு போட்டது அது. உறவினர் கேட்டால் "லேப்ல வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

ஒரு குழந்தையைக்கூட விடக்கூடாது. ஏனென்றால், தொற்றிய சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கால் முடங்கும். மற்றவர்கள் ஓடியாடிக்கொண்டே பரப்புவார்கள். அந்த ஒருவரைத் தவறவிட்டால் ஊரையே தவறவிட்டதாகும்.

மாதிரியை இரண்டு வகைச் செல்களில் வளர்ப்போம். ஒன்று எலியின் செல். போலியோ வைரஸ் மனித உடலில் பற்றிக்கொள்ளும் புரதத்தின் மரபணுவை அதில் புகுத்தியிருப்பார்கள். செல்கள் உருண்டு உதிர்ந்தால் சந்தேகம். பெரும்பாலும் உதிராது. "இல்லை" என்று கையெழுத்திட வேண்டியதுதான்.

ஆனால் வழியில் ஐஸ் உருகி வைரஸ் செத்திருந்தாலும் முடிவு "இல்லை"தானே? இங்கேதான் சூட்சுமம். நம் நாட்டு மாதிரிகளில் போலியோ அல்லாத குடல் வைரஸ்கள் பத்தில் ஒன்றிலாவது வளர வேண்டும். எந்த மாதிரியிலும் எதுவுமே வளரவில்லை என்றால் நாங்கள் மகிழமாட்டோம். ஐஸ் பெட்டியைச் சந்தேகப்படுவோம்.

2009இல் இந்தியாவில் 741 குழந்தைகளுக்குப் போலியோ. 2010இல் 42. அதே 2010இல் தஜிகிஸ்தானில் 450க்கும் மேற்பட்டவர்களை முடக்கிய வைரஸின் மரபணுவைப் பார்த்தால், அது உத்தரப் பிரதேசத்து வைரஸின் வழி வந்தது! விசா கேட்காமல் போய்விட்டது. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்து ஹௌராவில் ஒரு பெண் குழந்தை. அதற்குப் பிறகு இயற்கையான போலியோ வைரஸால் இங்கே எந்தக் குழந்தையும் முடங்கவில்லை. 2014 மார்ச் 27இல் சான்றிதழ் கிடைத்தது.

எங்கள் பேட்சில் ஒரு நண்பன் ஊன்றுகோலோடு இரண்டு மாடி ஏறி வேதியியல் ஆய்வகத்துக்கு வருவான். இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். அன்று இரவு போன் செய்தான். "இனிமே என்னை மாதிரி யாரும் வரமாட்டாங்க இல்லடா?"

"பார்த்துக்கிட்டே இருக்கணும்டா" என்றேன். அவனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எனக்கும்தான். ஆனால் வேறு பதில் இல்லை. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் வைரஸ் இன்னும் ஒழியவில்லை. சொட்டு மருந்தில் உள்ள வலுவிழந்த வைரஸும், மருந்து பெறாதவர்கள் நடுவே நெடுநாள் பரவினால் மறுபடி வலுப்பெறக்கூடும். 2022இல் லண்டன் சாக்கடை நீரில் அப்படிப்பட்ட வைரஸ் அகப்பட்டது. சாக்கடையைச் சோதிக்கும் ஆள் இருந்ததால் அகப்பட்டது.

நோய் மறைந்தால் முதலில் மறைவது அதற்கான பணமும் ஆட்களும்தான். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு உடனே ஆள் வரவில்லை. நுண்ணுயிரியல் மாணவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். செல் வளர்ப்பு கற்க விரும்புகிறவர்கள் என்னிடம் பேசுங்கள், எங்கே சேரலாம் என்று சொல்கிறேன். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வாருங்கள். விஷயம் எதைப் பற்றியது என்று தெரியுமல்லவா?