கையெழுத்து போடறதுக்கு முன்னாடி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கணபதி பகுதிக் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குப் பேசிப் பழக்கமில்லை. தீர்மான நோட்டு எழுதித்தான் பழக்கம். ஆனா போன ஜூன்ல நடந்த ஒரு விசயத்தைச் சொல்லியே ஆகணும்னு நம்ம கூட்டமைப்புல கேட்டுக்கிட்டாங்க. அதனால நிக்கறேன்.

எங்க குழுவுல ஒரு அம்மணி. பேரு வேண்டாம். பையன் பத்தாவதுல கணக்குல போயிட்டான். மறுபடி எழுத மாட்டேங்கறான், பள்ளிக்கூடத்துப் பக்கமே போக மாட்டேங்கறான். அந்த அம்மணி எங்கிட்ட வந்து, "அக்கா, உங்களுக்குத்தான் பட்டறை எல்லாம் பழக்கமாச்சே, இவனை எங்கியாவது சேத்து உடுங்க. ரெண்டு வருசம் பழகுனா அவம் பொழப்பை அவன் பாத்துக்குவான்"னு சொல்லுச்சு. பக்கத்துல நின்னுட்டிருந்த அவங்க மாமியார், "ஜி.டி. நாயுடு என்ன படிச்சாரு?"ன்னு கேட்டாங்க.

கோயமுத்தூர்ல படிப்பை நிறுத்தற எல்லா ஊட்லயும் இந்தக் கேள்வி வந்துருமுங்க. எங்க ஊட்லயும் வந்துச்சு, 1985ல. எங்கப்பா கேட்டாரு. அப்ப நான் எட்டாவது முடிச்சிருந்தேன், வயசு பதிமூணு.

அதனால மொதல்ல நாயுடுவைப் பத்திச் சொல்லிடறேன். 1893ல கலங்கல்ல பொறந்தவரு. ஆரம்பப் பள்ளிக்கூடத்தைத் தாண்டலைங்கறது நெசந்தான். ஒரு வெள்ளைக்காரரு ஊருக்குள்ள ஓட்டிட்டு வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பாத்துட்டு, அதே மாதிரி வாங்கணும்னு கோயமுத்தூருக்கு வந்து ஓட்டல்ல வேலை செஞ்சு காசு சேத்தாரு. வண்டியை வாங்கி, ஓட்டறதுக்கு முன்னாடி அக்கு அக்காக் கழட்டித் திரும்பப் பூட்டுனாரு. 1920ல ஒரு பஸ்ஸை வெச்சுப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்ட ஆரம்பிச்சாரு. 1937ல பாலசுந்தரம் நாயுடுவோட சேந்து மோட்டார் செஞ்சாரு. நம்ம கணபதியில டெக்ஸ்டூல்னு பஸ் ஸ்டாப்புல எறங்கறோமே, அந்தக் கம்பெனியை ஆரம்பிச்சவருதான் பாலசுந்தரம். இப்ப அவினாசி ரோட்டு மேம்பாலத்துக்கே ஜி.டி. நாயுடு பேருதான்.

இவ்வளவுதான் எல்லாருக்கும் தெரியும். அதே மனுசன் 1945ல ஆர்தர் ஹோப் பேருல பாலிடெக்னிக்கும் இஞ்சினியரிங் காலேஜும் வர்றதுக்கு முன்னால நின்னு, தானே முதல்வராவும் இருந்தாரு. இன்னிக்குத் தடாகம் ரோட்ல இருக்கற ஜி.சி.டி. அதோட தொடர்ச்சிதான். படிப்புக் காலம் எதுக்கு நாலு வருசம், சீக்கிரம் கத்துக் குடுக்கலாமேன்னு சண்டை போட்டு வெளிய வந்தாரு. படிப்பே வேண்டாம்னு அவரு சொல்லலைங்க. கையும் புத்தகமும் ஒண்ணா ஓடணும்னு நெனச்ச ஆளு. அவரு பேரைச் சொல்லிப் புள்ளைய நிறுத்தறவங்க இந்தப் பாதியை உட்டுடறாங்க.

சரி, எங்கதைக்கு வர்றேன். எங்கப்பா என்னையக் கணபதி பக்கம் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறையில கொண்டுபோய் உட்டாரு. மொதலாளி நல்ல மனுசன்தான், அடிச்சதில்லை, திட்டுனதில்லை. "பழகட்டும், பழகட்டும்"னாரு. பஸ்ஸுக்கும் டீக்கும் காசு. தீபாவளி நோம்பிக்கு ஒரு துணி.

மொத வேலை, ஸ்டேட்டர் காடிக்குள்ள போடற பேப்பரை அளவா வெட்டி மடிக்கறது. ஒரு வருசம் பேப்பர்தான். அப்பறம் அச்சுல செம்புக் கம்பியைச் சுத்திக் காயில் எடுக்கறது. சுத்து எண்ணறதுல கவனம் தவறுச்சுன்னா மோட்டார் சூடாகி எரிஞ்சு போகும். அப்பறம் காயிலைக் காடிக்குள்ள எறக்கறது. மூங்கில் பட்டையை வெச்சுக் கம்பி மேல இருக்கற பூச்சு ஒரியாம தள்ளணும். அதுக்குப் பொம்பளைங்க வெரல்தான் லாயக்குன்னு சொல்லுவாங்க. நாலாவது வருசத்துல அந்தப் பட்டறையில எவ்வளவு ஆம்பளைங்க இருந்தாலும் கஷ்டமான காயிலை என்னையத்தான் கூப்பிட்டு எறக்கச் சொல்லுவாங்க. இப்பவும் கண்ணை மூடிட்டுச் செய்வேன். அந்தப் பெருமை எனக்கு உண்டுங்க, மறைக்கல.

ஆனா கேளுங்க. எரிஞ்ச மோட்டார் வந்தா, பழைய கம்பியை வெட்டறதுக்கு முன்னாடி எத்தனை சுத்து, என்ன கேஜ், எந்தக் காடியில இருந்து எந்தக் காடிக்குப் போகுதுன்னு எழுதி வெக்கணும். அதுக்கு ஒரு நோட்டு. மேஸ்திரி அதை எழுதி மேசை டிராயர்ல வெச்சுப் பூட்டிருவாரு. கம்பி கெடைக்கலைன்னா வேற கேஜுக்கு மாத்தறது, சுத்தைக் கூட்டறது கொறைக்கறது, அந்தக் கணக்கு அவரு மட்டும்தான் போடுவாரு. "அது உனக்கெதுக்கு கண்ணு, நீ காயிலை எறக்கு"ம்பாரு. நான் பதினோரு வருசம் அங்க இருந்தேன். அந்தக் கணக்கு எனக்கு வரவே இல்லை. பத்தாவது வரைக்கும் போயிருந்தா நானே புரிஞ்சு எடுத்திருப்பேனோ என்னவோ.

கல்யாணமாகிக் கொழந்தை பொறந்த பின்னாடி தனியா வைண்டிங் போடலாம்னு பேங்குக்குப் போனேன். "தொழில் தெரியுமா?" தெரியும். "எங்க பழகுனீங்க?" சொன்னேன். "சான்றிதழ்?" இல்லை. "அங்க வேலை செஞ்சதுக்கு ஏதாவது பேப்பர்?" சம்பளக் கவர் கூட இல்லைங்க. பதினோரு வருசம் ஒரு துண்டுச் சீட்டு இல்லாம போச்சு. அப்பறம் நம்ம குழுவுல உள்கடன் வாங்கித்தான் மொத அச்சும் கம்பியும் வாங்குனேன்.

என் தம்பிக்கு நடந்தது அதை விட மோசம். பதினஞ்சு வயசுல பவர் பிரஸ்ல நின்னான். ரெண்டு வெரல் போச்சு. மொதலாளி ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டுனாரு, கையில ரெண்டாயிரம் குடுத்தாரு. ரிஜிஸ்டர்ல பேரு இல்லை, அதனால ஈ.எஸ்.ஐ. இல்லை. கேக்கறதுக்கு எங்களுக்கும் தெரியல. "பழகற பையன் தானே"ன்னு ஒரு வார்த்தையில முடிஞ்சு போச்சு.

அந்தப் "பழகற" வார்த்தைதான் நம்ம பக்கத்துல எத்தனை புள்ளைகளைத் தின்னுருக்குது! ஸ்பின்னிங் மில் சமாச்சாரம் நமக்குத் தெரியாததா? சுமங்கலித் திட்டம், திருமணத் திட்டம்னு நோட்டீஸ் ஒட்டுனாங்க. மூணு வருசம் ஹாஸ்டல்ல தங்கி வேலை செஞ்சா முடியும்போது மொத்தமா ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும்னாங்க. ஏட்டுல அந்தப் புள்ளைக எல்லாம் அப்ரண்டிஸ். ஒரு மெஷின்ல நூல் முடி போடறதைக் கத்துக்க மூணு வருசமா வேணும்? எடையில சீக்கு வந்து ஊட்டுக்குத் திரும்புன புள்ளைகளுக்கு அந்தத் தொகையும் கெடைக்காம போச்சு. 2008ல தமிழ்நாடு அரசு மில்லுல பழகறவங்களுக்கும் நாளைக்கு 110 ரூபா குறைந்தபட்சக் கூலின்னு நிர்ணயம் பண்ணுச்சு. அப்படி ஒரு உத்தரவு போட வேண்டிய நெலமை இருந்துச்சுன்னா பாத்துக்குங்க. இங்க உக்காந்திருக்கறதுல நாலஞ்சு பேராவது அந்த ஹாஸ்டல்ல இருந்து வந்தவங்க, எனக்குத் தெரியும். அவங்களை எந்திரிக்கச் சொல்ல மாட்டேன்.

இவ்வளவையும் சொன்னதால நான் தொழிலுக்கு எதிரின்னு நெனச்சுக்காதீங்க. இந்த ஊரே பட்டறையில பழகுனவங்க கட்டுன ஊரு. பி.எஸ்.ஜி.யில 1926லயே இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வெச்சுப் படிப்பையும் பட்டறையையும் ஒண்ணா நடத்துனாங்க. உங்க ஊட்டு கிரைண்டரு, தோட்டத்து மோட்டாரு எல்லாம் அப்படிப் பழகுன கையில இருந்து வந்ததுதான். எல்லாப் புள்ளையும் பன்னெண்டாவதுக்கு மேல போய் இஞ்சினியர் ஆகித்தான் தீரணும்னு எனக்கு நெனப்பு இல்லை. அப்படிப் போய்ட்டு வேலை இல்லாம ஊட்ல உக்காந்திருக்கற புள்ளைகளையும் பாக்கறோம்.

அப்ரண்டிஸுன்னா சட்டத்துல என்னன்னு நான் அம்பது வயசுக்கு மேலதாங்க தெரிஞ்சுக்கிட்டேன். 1961லயே சட்டம் இருக்குது. பதினாலு வயசு ஆகணும். ஆபத்தான தொழில்னா பதினெட்டு. ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யணும். மாசம் உதவித்தொகை குடுத்தே ஆகணும். 2019ல திருத்துன விதிப்படி, அஞ்சாவதுல இருந்து ஒம்பதாவது வரைக்கும் படிச்சவங்களுக்கு மாசம் 5,000 ரூபாய்க்குக் கொறையக் கூடாது. பத்தாவது முடிச்சா 6,000. பன்னெண்டாவதோ ஐ.டி.ஐ.யோ முடிச்சா 7,000. வேலையில அடிபட்டா நஷ்ட ஈடு உண்டு. 30 பேரும் அதுக்கு மேலயும் வேலை செய்யற கம்பெனி அப்ரண்டிஸ் எடுக்கறது கட்டாயம். நாலு பேருக்கும் கொறைவா இருக்கற பட்டறையில எடுக்கவே முடியாது. இதைக் கவனிங்க. நம்ம சந்துல இருக்கற ஒரு லேத்து, ரெண்டு ஆளு பட்டறையில "அப்ரண்டிஸா சேத்துக்கறேன்"னு சொன்னா, அது வாய் வார்த்தை மட்டும்தான்.

இன்னொண்ணு. பதினெட்டு வயசு ஆகாத புள்ளைக்கு அந்த ஒப்பந்தத்துல கையெழுத்து போடறது நாமதான். பெத்தவங்க, இல்லைன்னா காப்பாளர். நம்மள்ல எத்தனையோ பேரு குழு நோட்டுலதான் கையெழுத்தே போடப் பழகுனோம். பேங்குல லோன் பேப்பர்ல வட்டி எவ்வளவு, தவணை எத்தனைன்னு படிக்காம போடறதில்லையே? புள்ளை பேப்பர்ல மட்டும் ஏன் படிக்காம போடறோம்? பேப்பரே இல்லைன்னா ஏன்னு கேக்க மாட்டேங்கறோம்?

நான் அந்தப் பையன்கூட மூணு பட்டறைக்குப் போனேன். எல்லா எடத்துலயும் ஒரே கேள்வியைக் கேட்டேன். "ஆறு மாசம் கழிச்சு இவனை வேற மெஷினுக்கு மாத்துவீங்களா?" ரெண்டு எடத்துல சிரிச்சாங்க. மூணாவது எடத்துல இருந்தவரு, "அக்கா, நெசத்தைச் சொல்றேன், எனக்கு டிரில்லிங் போட ஆளு வேணும், அவ்வளவுதான்"னாரு. அவரு மேல எனக்கு மரியாதை வந்துருச்சு.

அங்கிருந்து நேரா மேட்டுப்பாளையம் ரோட்டு அரசு ஐ.டி.ஐ.க்குப் போயிட்டோம். பத்தாவதுல போனவனுக்கு என்ன கெடைக்கும்னு அந்த அம்மணிக்கு ஒரே சந்தேகம். எட்டாவது பாஸ் பண்ணியிருந்தாலே வெல்டர், வயர்மேன் படிக்கலாம். வெல்டர் ஒரு வருசம், வயர்மேன் ரெண்டு வருசம். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட்டுக்குப் பத்தாவது வேணும். படிப்புக்குச் சம்பளம் இல்லை, பஸ் பாஸ் இலவசம், மாசம் 750 ரூபா உதவித்தொகை. அரசுப் பள்ளியில படிச்ச பொம்பளப் புள்ளைக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன்ல மாசம் 1,000. தமிழ்ப் புதல்வனைத் தொடங்குனதே நம்ம கோயமுத்தூர்லதான், 2024 ஆகஸ்ட்ல. ஐ.டி.ஐ. முடிச்சுட்டு மொழிப்பாடம் மட்டும் எழுதுனா, எட்டாவதுல சேந்தவங்களுக்குப் பத்தாவதுக்குச் சமமாவும், பத்தாவதுல சேந்தவங்களுக்குப் பன்னெண்டாவதுக்குச் சமமாவும் சான்றிதழ் வாங்கலாம். பத்தாவது முடிச்சு ரெண்டு வருச ஐ.டி.ஐ. படிச்சவங்க பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருசத்துல சேரலாம். கதவு மூடறதில்லைங்க. எங்க காலத்துல எனக்கு மூடுனது இந்தக் கதவுதான்.

வெளிய வந்ததும் அந்த அம்மணி எங்கூடச் சண்டைக்கு வந்துருச்சு. "மாசம் எட்டாயிரம் வர்ற எடத்துல ஆயிரத்துச் சில்லறைக்கு ரெண்டு வருசம் நான் எப்படிக்கா ஓட்டுவேன்? ஊட்டு வாடகை நீங்க குடுப்பீங்களா?"ன்னு ரோட்ல வெச்சுக் கேட்டுச்சு. நாயந்தானுங்க. அறிவுரை சொல்றவங்களுக்கு வாடகை கட்டற நாள் வர்றதில்லை. எனக்குப் பதில் தெரியல. அன்னிக்கு ராத்திரி தூக்கமில்லை.

அடுத்த குழுக் கூட்டத்துல இதை அப்படியே வெச்சோம். ரெண்டு மணி நேரம் பேச்சு. கடைசியில அந்த அம்மணியோட பழைய கடன் தவணையைப் பாதியாக் கொறைச்சு, காலத்தை நீட்டித் தீர்மானம் போட்டோம். பத்து மாச வாடகைக்குப் பக்கத்துல வருமான்னா வராது. ஆனா மூச்சு உடலாம். பையன் ரெண்டு வருசம் வேண்டாம்னு வெல்டர்ல சேந்தான். அவங்க மாமியாரு இன்னும் எங்கூடப் பேசறதில்லை. பையன் மூணு வாரம் போனான், ஒரு வாரம் போகலை, மறுபடி போறான். முடிப்பானா, தெரியாது. போன வாரம் வழியில பாத்தேன், கையில பொறி பட்ட தழும்பைக் காட்டிச் சிரிக்கறான்.

கூட்டமைப்புக்கு நான் வெக்கற கோரிக்கை ஒண்ணே ஒண்ணு. புள்ளை தொழில் படிக்கற காலத்துக்குக் கடன் தவணையைக் கொறைக்கறதை ஒரு குழு மட்டும் செஞ்சா பத்தாது. எல்லாக் குழுவுக்கும் பொதுவா ஒரு தீர்மானம் வேணும். அதுக்கு எவ்வளவு பணம் ஒதுங்கணும்னு பொருளாளர் அக்கா கணக்குப் போட்டுச் சொல்லணும்.

அப்பறம், ஐ.டி.ஐ.யில பொம்பளைங்களுக்கு உச்ச வயசு வரம்பே இல்லைன்னு அன்னிக்கு ஆபீஸ்ல சொன்னாங்க. தொழில் அனுபவம் இருக்கறவங்க தனித்தேர்வரா அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதவும் வழி இருக்குதாமா. பையனுக்குக் கேக்கப் போன எடத்துல எனக்கும் ஒரு விண்ணப்பத்தைப் பத்திக் கேட்டுட்டு வந்துட்டேன். வயசு அம்பத்திமூணு. எம் மவன் சிரிக்கறான். எந்த மாசம் விண்ணப்பம் குடுப்பாங்க, என்னென்ன பேப்பர் வேணும்னு முழுசா விசாரிச்சு அடுத்த கூட்டத்துல சொல்றேன். கூட வர்றவங்க யாராச்சும் இருந்தா, சாப்பாட்டுப் பந்தியில எங்கிட்ட பேரு குடுங்க. பந்தி போட்டாச்சுன்னு கை காட்டறாங்க.