நோய் பாஸ்போர்ட்டு பார்ப்பதில்லை

தொழிலாளத் தோழர்களே!

கப்பலேறி வந்த நம் பாட்டன்மாரை, தொற்றுநோய்க்குப் பயந்து, பினாங்கு ஜெரஜாக் தீவில் அடைத்து வைத்தார்கள். அதை நாம் மறக்கலாமா?

கோவிட் பரவியதால் 2020 மார்ச் 18-ஆம் தேதி ஊரடங்கியது. அரசாங்க உதவிப்பணம் குடிமக்களுக்கு. சம்பள மானியமும் உள்நாட்டாருக்கே. நம்மோடு பால்மரம் வெட்டும் வங்காளதேசிக்கும் இந்தோனேசியருக்கும் அதில் ஒரு வெள்ளிகூட இல்லை. மே மாதம் கோலாலம்பூரில் பெர்மிட் இல்லாதவர்களைப் பிடித்தார்கள். இலவசப் பரிசோதனைக்கு வரவும் பலர் அஞ்சினர். அஞ்சி ஒளிந்தவனோடு நோயும் ஒளியும். பிறகு நம் லயத்துக்கே வரும். 2021-இல், குடியுரிமை பாராமல் எல்லோருக்கும் இலவசத் தடுப்பூசி என்று அரசாங்கமே அறிவிக்கவில்லையா?

ஊசிக்கு ஒத்துக்கொண்ட நியாயம் அரிசிக்கும் வேண்டும். இதுவே நம் கோரிக்கை. கிராணிமார்களே! அடுத்த நிவாரணப் பட்டியலில் அவர்கள் பெயரையும் எழுதுவோம்!