குலத்தார் எழுப்பிய கூடம்



பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்புத் தேடிச் செல்வோர் முதலில் நாடுவது உறைவிடம். அடுத்து நாடுவது உறவு. இவ்விரண்டையும் ஒருங்கே அமைத்துக்கொண்டவர்கள் பினாங்குத் தீவில் குடியேறிய சீனர். அவர்தம் முன்னோர் கூடங்களுள் தலைசிறந்தது கூ கொங்சி.

'கொங்சி' என்பது கூட்டுப் பொறுப்பில் நடக்கும் அமைப்பைக் குறிக்கும். தென்சீனத்து ஃபூஜியான் மாநிலச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த கூ குலத்தார், 1835-இல் இவ்வமைப்பைத் தோற்றுவித்தனர்; 1851-இல் ஜார்ஜ் டவுனில் நிலம் வாங்கினர். பின்னர்ப் பெரும் பொருட்செலவில் எழுப்பிய கூடம் 1901-இல் எரிந்து போயிற்று. அரண்மனைக்கு நிகராகக் கட்டியதால் தெய்வங்கள் சினந்தன என்று கருதி, முன்னினும் அடக்கமாகக் கட்டி 1906-இல் முடித்தனர்.

அந்த அடக்கமே நம்மை வியக்க வைக்கிறது! கூரை முகட்டில் திகழும் பறவைகளும் மலர்களும் டிராகன்களும், வண்ணப் பீங்கான் கிண்ணங்களை நறுக்கி ஒட்டி உருவாக்கியவை. நடுக்கூடத்தில் காவல் தெய்வம். ஒருபால் முன்னோர் பெயர் பொறித்த பலகைகள். மறுபால் செல்வத் தெய்வம். எதிரே கூத்து மேடை. சுற்றிலும் குலத்தாரின் வரிசை வீடுகள். உட்புகக் குறுகிய சந்து. 1867-இல் நகரில் குழுக் கலகம் மூண்டதை எண்ணினால் இவ்வமைப்பின் பயன் விளங்கும். கல்வியில் உயர்ந்த குலமக்களின் பெயர்களும் சுவரில் இடம்பெற்றுள்ளன. முன்னோரும் பின்னோரும் ஒரே கூரையின் கீழ்!

இம்மரபு நமக்குப் புதிதன்று. நகரத்தார்க்கு ஒன்பது நகரக் கோயில்கள் உண்டு. அவற்றிலிருந்து வரும் மாலையே திருமணத்தை உறுதிசெய்யும். கூ கொங்சிக்கு நடந்து செல்லும் தொலைவிலேயே, 1833-இல் நம்மவர் எழுப்பிய மகாமாரியம்மன் கோயில் உள்ளது. 2008-இல் அப்பழைய நகரம் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

பொம்மசந்திராத் தொழிற்பேட்டையில் உழைக்கும் தமிழர் அத்தகைய மாளிகை எழுப்ப இயலாது. வாடகை வீட்டில் பூசைமாடத்துக்கே இடம் போதாது. ஆனால் பீங்கானும் பொன்வண்ணமும் அக்கூடத்தின் அணிகலன்களே. அதன் உயிர் பெயர்ப் பலகைகளில் இருக்கிறது. தாத்தாவின் தந்தை பெயர், பூர்விக ஊர், குலதெய்வம் ஆகியவற்றை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்? அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு குறிப்பேட்டில் தமிழில் எழுதி வையுங்கள். அதைப் பிள்ளையின் கையாலேயே எழுதச் செய்தல் இன்னும் நன்று.