ஹீட் பிரஸ் யந்திரமும் துணியறிவும்

(சங்கத்தின் ஆண்டு மகாசபைக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இம்மகாசபையில் கைத்தொழிலைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். கல்வியின் மேன்மை, ஒற்றுமையின் அவசியம் முதலிய விஷயங்களைக் குறித்து இம்மேடையில் ஆண்டுதோறும் அழகிய பிரசங்கங்கள் நிகழ்ந்துவருகின்றன. நாமும் கேட்டுக் கைதட்டி வீடு திரும்புகின்றோம். ஆகையால் நான் ஒரு சிறு யந்திரத்தைப் பற்றி மாத்திரம் பேசுவதென்று தீர்மானித்தேன். இதனைக் கேட்டபின் நாளைக் காலையில் ஒருவர் அதனை வாங்கப் புறப்படக்கூடும். அல்லது வாங்கப் புறப்பட்ட ஒருவர் சற்று நின்று யோசிக்கக்கூடும். இரண்டும் நன்மையே.

அந்த யந்திரத்திற்கு ஹீட் பிரஸ் என்று பெயர். கீழே துணியை விரிக்க ஒரு மேடை. மேலே மின்சாரத்தால் சூடேறும் உலோகப் பலகை. இரண்டையும் சேர்த்து இறுக்க ஒரு கைப்பிடி. உஷ்ணத்தையும் விநாடிகளையும் காட்டும் ஒரு சிறு கருவி. இவ்வளவே அதன் அங்கங்கள். படமோ எழுத்தோ அச்சிட்ட தாளைப் பனியன் சட்டையின்மேல் வைத்து, உரிய சூட்டில் உரிய நேரம் அழுத்தினால், அது துணியிற் பதிந்துவிடும். பள்ளிக்கூட விளையாட்டு விழா, கபடிக் குழு, திருவிழாத் தொண்டர் படை, கடைச் சிப்பந்திகள் என இன்று பெயரும் சின்னமும் பதித்த சட்டை வேண்டாத கூட்டமே இல்லை. இருபது சட்டை, முப்பது சட்டை என்று கேட்போருக்குப் பெரிய ஆலைகள் செவிசாய்ப்பதில்லை. அந்த இடத்திலேதான் வீட்டிலிருந்து தொழில் செய்வோனுக்கு வழி பிறக்கின்றது.

நம் குலத்தார் தலைமுறை தலைமுறையாகத் தறியில் அமர்ந்து பிழைத்தவர்கள். பல வீடுகளில் தறி நின்றுபோய்க் குழிமேடையும் மூடப்பட்டுவிட்டது. பிள்ளைகள் திருப்பூருக்குச் சென்று கட்டிங், தையல், செக்கிங் என்னும் பகுதிகளில் கூலிக்கு உழைக்கின்றனர். அவர்களிற் சிலர், சொந்த ஊரில் சொந்தத் தொழில் நடத்தவேண்டுமென்று விரும்புவது மெச்சத்தக்கதே. ஆனால் கைப்பேசியில் வரும் விளம்பரங்களைப் பார்த்து, யந்திரத்தை வாங்கிவிட்டால் தொழில் தானே நடக்குமென்று நம்பி, தாயின் வளையலை அடகு வைத்தோர் நம்முள்ளும் உண்டு. யந்திரம் விற்போர் யந்திரமே தொழிலென்று கூறுவது இயல்பு. நான் கூற வந்ததோ, இத்தொழிலுக்கு முதல் முதலாக வேண்டும் மூலதனம் துணியைப் பற்றிய அறிவு என்பதே. அவ்வறிவு நம் வீடுகளில் இன்னும் மிச்சமிருக்கின்றது. அதனைப் பயன்படுத்தத்தான் நாம் மறந்துவிட்டோம்.

ஓர் ஊரில் நடந்ததைச் சொல்லுகின்றேன். சித்திரைத் தேர்த் திருவிழாவுக்குத் தொண்டர்களுக்கு எண்பது சட்டை வேண்டுமென்று ஊர்ப் பெரியவர்கள் ஒரு வாலிபனிடம் ஒப்படைத்தனர். வெயில் காலமாதலால் சுத்தப் பருத்தியே வேண்டுமென்றனர். அவ்வாலிபன் வாங்கி வைத்திருந்ததோ சப்ளிமேஷன் முறைக்குரிய மையும் தாளும். எந்தத் துணியிலும் பதியுமென்று விற்றவர் சொல்லியிருந்தாராம். பதித்த அன்றே நிறம் மங்கலாகத்தான் இருந்தது. தேர் நிலைக்கு வந்து, சட்டைகள் ஒருமுறை துவைகல்லைக் கண்டதும், சுவாமி பெயர் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கறை மாத்திரம் மிஞ்சியது. பணம் போனது ஒரு நஷ்டம். அவ்வூரில் அவன் பெயரைச் சொன்னால் சிரிப்பது அதனினும் பெரிய நஷ்டம். அவன் சோம்பேறியல்லன், ஏமாற்றுக்காரனும் அல்லன். அவன் பாட்டனார் உயிரோடிருந்து அச்சட்டையை விரலால் ஒருமுறை தடவியிருந்தால், வேலை தொடங்கு முன்னரே தடுத்திருப்பார்.

இதன் காரணத்தைச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். கற்பூரம் உருகி நீராகாமலே ஆவியாவதை நாம் அறிவோம். சப்ளிமேஷன் மையிலுள்ள சாயமும் அவ்வாறே ஏறக்குறைய 190 முதல் 200 டிகிரி செண்டிகிரேடு உஷ்ணத்தில் ஆவியாகித் தாளைவிட்டுக் கிளம்பும். அச்சூட்டில் பாலியெஸ்டர் இழை இளகி அவ்வாவியைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும். ஆறியதும் இறுகிச் சாயத்தைச் சிறைப்படுத்திவிடும். அதனால்தான் பாலியெஸ்டரில் பதிந்த படம் கையால் தடவினாலும் தெரியாது, துவைத்தாலும் போகாது. 1941-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்னும் இருவர் கண்டுபிடித்த இவ்விழைக்கு உரிய குணம் இது. பருத்திக்கு இக்குணம் இல்லை. அது வேறுவகைச் சாயத்தோடு உறவாடுவது. பாலியெஸ்டரிலும், வெள்ளை அல்லது வெளிறிய நிறத் துணியில் மாத்திரமே இம்முறை பலிக்கும். ஏனெனில் இம்மைகளில் வெள்ளை மை கிடையாது. கறுப்புத் துணியில் எச்சாயம் ஏறினும் கறுப்பாகவே தோன்றும்.

பருத்திக்கு வேறு வழிகள் உண்டு. வினைல் என்னும் நிறத்தகட்டை எழுத்து வடிவாக வெட்டி ஒட்டுவது ஒன்று. பெயர், எண் முதலியவற்றிற்கு அது போதும். டி.டி.எஃப். என்பது மற்றொன்று. பிளாஸ்டிக் படலத்தின்மேல் படத்தைத் தலைகீழாய் அச்சிட்டு, அதன்மேல் வெள்ளை மை பூசி, ஒட்டும் பொடி தூவி உருக்கி வைத்திருப்பார்கள். அதனைச் சட்டையில் 150 முதல் 160 டிகிரி வரையில் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தி, படலத்தை உரித்து, மறுபடியும் ஒருமுறை அழுத்தவேண்டும். பருத்தி, பாலியெஸ்டர், கறுப்பு, வெள்ளை என்னும் பேதமின்றி ஏறக்குறைய எல்லாவற்றிலும் இது ஒட்டும். புதிதாகத் தொடங்குவோருக்கு இதுவே ஏற்றதென்பது என் அபிப்பிராயம். ஆனால் அப்படலத்தை அச்சிடும் யந்திரத்தைத் தொடக்கத்திலே வாங்கவேண்டாம். அதிலுள்ள வெள்ளை மை அடியில் தங்கும் குணமுடையது. தினந்தோறும் ஓட்டாவிடில் நுண்துளைகள் அடைபட்டுப்போம். திருப்பூரில் மீட்டர் கணக்கில் அச்சிட்டுக் கொடுப்போர் பலர் இருக்கின்றனர். படத்தை அனுப்பிப் படலத்தை வாங்கிக்கொண்டு, அழுத்தும் வேலையை மாத்திரம் நாம் செய்தால் போதும்.

இனித் துணியை அறிவது எவ்வாறு? சட்டையின் உட்புறத் தையலிலிருந்து ஒரு நூலை உருவித் தீயிற் காட்டுங்கள். பருத்தியானால் காகிதம்போல் எரிந்து, காகித மணத்தோடு சாம்பலாய் உதிரும். பாலியெஸ்டரானால் சுருங்கி உருகிக் கடினமான மணியாய்த் திரளும். இரண்டும் கலந்திருந்தால் இரண்டும் தோன்றும். தையல் நூலே பாலியெஸ்டராயிருப்பது வழக்கமாதலால், தையல் நூலை விட்டுத் துணியின் நூலையே உருவவேண்டும். நம் வீட்டுக் கிழவிகளுக்குத் தீக்குச்சியும் வேண்டுவதில்லை, தொட்டே சொல்லிவிடுவார்கள். காதர்பேட்டையில் சட்டை வாங்கப் போகும் பேரன் பாட்டியையும் உடனழைத்துப்போனால், பஸ் கூலி வீணாகாது.

மற்றொரு சங்கதி மிகவும் சூட்சுமமானது. சிவப்புப் பாலியெஸ்டர்ச் சட்டையில் வெள்ளை எழுத்துப் பதிக்கின்றோம். பதித்தபொழுது பால்போல் வெண்மையாய் இருக்கின்றது. இரண்டு நாள் கழித்து ரோஜா நிறமாகின்றது. இஃது ஏன்? பாலியெஸ்டருக்குச் சாயப்பட்டறையில் ஏற்றுவதும் சப்ளிமேஷன் மையின் இனத்தைச் சேர்ந்த சாயமே. நாம் கொடுக்கும் சூட்டில் அது விழித்துக்கொண்டு மேலே ஏறி வெள்ளையிற் கலந்துவிடுகின்றது. சூட்டைக் குறைத்தல், சாயத்தைத் தடுக்கும் படலமுள்ள தாளைக் கேட்டு வாங்குதல், இவையே பரிகாரம். விளையாட்டுக் குழுக்களின் சட்டைகள் பெரும்பாலும் பாலியெஸ்டரே. சிவப்பும் கருஞ்சிவப்பும் அவர்களுக்குப் பிரியமான நிறங்கள். ஆகவே ஒரு சட்டையைப் பதித்து, நான்கைந்து நாள் வைத்துப் பார்த்தபின்பே மற்றவற்றைத் தொடவேண்டும்.

சூடு, நேரம், அழுத்தம் ஆகிய மூன்றும் கூடினால்தான் பதிவு நிலைக்கும். முதலிரண்டையும் யந்திரமே எண்ணாற் காட்டும், அழுத்தத்தைக் காட்டாது. யந்திரம் குளிர்ந்திருக்கையில் நான்கு மூலைகளிலும் சிறு காகிதத் துண்டுகளை வைத்து மூடி, ஒவ்வொன்றாய் இழுத்துப் பாருங்கள். ஒரு மூலையில் எளிதாய் வந்து மற்றொன்றில் வராவிடில், அந்த யந்திரத்தில் பதிக்கும் படம் ஒருபுறம் உரியும் என்பது நிச்சயம். பொத்தானும் தடித்த தையலும் மேடையின் ஓரத்துக்கு வெளியே தொங்கவேண்டும். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து வைத்திருக்குமாகையால், படலத்தை வைக்குமுன் வெறுஞ் சட்டையை ஐந்து விநாடி அழுத்தினால் ஈரம் ஆவியாய்ப் போகும். மழைக்காலத்தில் இதனை மறக்கவே கூடாது.

தாய்மார்கள் கவனிக்கவேண்டியது ஒன்று. 15 அங்குலச் சதுர யந்திரம் ஏறக்குறைய 1800 வாட் வரையில் மின்சாரம் உண்ணும். அதாவது 8 ஆம்பியர். வீட்டிலுள்ள சாதாரண 6 ஆம்பியர் இணைப்பில் அதனைச் செருகினால் கம்பி காய்ந்து விபத்து நேரும். எர்த் கம்பியுள்ள 16 ஆம்பியர் இணைப்பைத் தனியே போடுவித்துக்கொள்ளல் வேண்டும். வாய்போல் திறக்கும் வகை இடத்தை அடைக்காது. ஆனால் சட்டையை விரிக்கும்பொழுது சூட்டுப் பலகை முன்கைக்கு மேலேயே நிற்கும். பலகை பக்கவாட்டில் விலகும் வகையில் கைக்குப் பயமில்லை. தவழும் குழந்தையும் ஓடும் பிள்ளையும் உள்ள வீட்டில் அதன் பக்கமும் பயமே. எவ்வகையாயினும் கதவு அடைக்கும் அறையும் காற்றோடும் ஜன்னலும் அவசியம். சாயப்பட்டறைபோல் கழிவு நீர் விடும் தொழில் அன்று இது. 2011-ஆம் வருஷத்தில் உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபொழுது நாம் பட்ட பாட்டை நினைத்தால், அதுவே ஓர் ஆறுதல்.

வரவு செலவைப் பார்ப்போம். விலைகள் மாறுமாகையால் உதாரணத்திற்காகவே தொகை கூறுகின்றேன். சட்டை 140 ரூபாய், படலம் 35 ரூபாய், ஆக 175. இருபதில் ஒன்று கெட்டுப்போமென்று வைத்து அந்த நஷ்டத்தைப் பங்கிட்டால் ஏறக்குறைய 9 ரூபாய், மின்சாரமும் பையும் வண்டிக்கூலியும் 6 ரூபாய், மொத்தம் 190. விலை 250 ஆனால் கையில் நிற்பது 60. யந்திரம் 15,000 ரூபாயானால், அதன் முதல் திரும்ப 250 சட்டை விற்கவேண்டும். அதுவரையில் உழைப்பவனுக்குக் கூலி இல்லை. 250 சட்டைக்கு யார் யாரிடம் போவது என்று ஒரு தாளில் எழுத இயலாதவர், யந்திரத்தின் விலையை விசாரிக்கவும் வேண்டாம். எழுத இயன்றவர் வீட்டு நகையைத் தொடாமல் வங்கியை அணுகலாம்; 2015-இல் ஏற்பட்ட முத்ரா திட்டத்தில் சிசு என்னும் பிரிவில் 50,000 ரூபாய் வரையில் ஈடின்றிக் கடன் கேட்க இடமுண்டு.

பிரசித்தமான கம்பெனிகளின் சின்னங்களையும், கிரிக்கெட் குழுக்களின் முத்திரைகளையும் அனுமதியின்றிப் பதித்து விற்போரை எங்கும் காண்கின்றோம். எல்லோரும் செய்கின்றார்களே என்பது நீதிமன்றத்தில் செல்லாது. 1999-ஆம் வருஷத்து வர்த்தகச் சின்னச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரையில் சிறைத்தண்டனைக்கு இடமிருக்கின்றது. நம் ஊர்க் கோபுரம், நம் பள்ளியின் பெயர், நம் குழுவின் பெயர், இவை போதாவா?

நிர்வாகஸ்தர்களுக்கு ஒரு விண்ணப்பம். வீட்டுக்கு வீடு யந்திரம் வாங்குமுன் சங்கமே ஒரு யந்திரம் வாங்கிக் கட்டிடத்தின் பின்னறையில் வைக்கட்டும். தொழில் தொடங்க விரும்புவோர் அங்கு வந்து பழகட்டும். பதித்த சட்டையை ஒருநாள் ஆறவிட்டு, பின்பு ஊறவைத்துச் சோப்பிட்டு, துவைகல்லில் துவைத்து, வெயிலில் உலர்த்துவது என ஐந்து முறை செய்யவேண்டும். உட்புறத்தை வெளியே திருப்பித் துவைக்கும்படி வாங்குவோரிடம் சொல்லுவோமாயினும் அவர்கள் செய்யப்போவதில்லை. ஆதலால் படம் வெளியே இருக்கும்படியே துவைத்துப் பார்க்கவேண்டும். ஐந்தாம் முறைக்குப் பின்னும் ஓரம் கிளம்பாத சட்டையைக் கொண்டுவந்து காட்டுபவருக்கே, சங்கத்தைச் சேர்ந்த பள்ளியின் அடுத்த விளையாட்டு விழாச் சட்டைகளை ஒப்படைப்பது என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றுவோமாக.

இதற்குச் சபையோர் சம்மதித்தால், வரும் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கலாம் என்று காரியதரிசி அவர்கள் கூறுகின்றார்கள். யந்திரம் வந்து சேரத் தாமதமானாலும் துணிப் பரீட்சையை அன்றே தொடங்கிவிடலாம். வருவோர் தத்தம் வீட்டிலிருந்து பழைய பனியன் சட்டை இரண்டும், இயன்றால் துணியறிந்த ஒரு பெரியவரையும் அழைத்து வரும்படி வேண்டிக்கொள்ளுகின்றேன்.