நான்கு நாட்களில் ஒரு நகரம்



கடல் கடந்து ஒரு மாநாட்டில் பேசச் செல்பவருக்குக் கவலைகள் இரண்டு. குறித்த நேரத்திற்குள் கட்டுரையைப் படித்து முடிக்க வேண்டுமே என்பது ஒன்று. அவ்வளவு தொலைவு போயும் ஊரைப் பாராமல் திரும்பிவிடுவோமோ என்பது மற்றொன்று. முதற்கவலையைப் பலரிடமும் சொல்வார்கள். இரண்டாவதைச் சொல்ல நாணுவார்கள். நாணுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

1970ஆம் ஆண்டு சனவரி 15 முதல் 18 வரை பாரிசு நகரில் மூன்றாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றது. நான்கே நாட்கள். சனவரியில் அங்கே எட்டரை மணிக்கு மேல்தான் பொழுது புலரும். மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும். வெளிச்சமுள்ள நேரம் முழுவதும் கூட்டத்திலேயே கழியும். அதற்காகத் தம் பேச்சு முடிந்தவுடன் மண்டபத்தை விட்டு நழுவுவோரை நான் மெச்சமாட்டேன். பிறர் பேச்சைக் கேட்பதும் நாம் ஏற்றுக்கொண்டு வந்த வேலையே. ஒரு நாள் கூட்டித் தங்குவதே முறை. அந்த நாள் செவ்வாயாக அமையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; பாரிசின் பெரிய அருங்காட்சியகங்கள் பல அன்று திறப்பதில்லை.

அந்த ஒரு நாளில் எதைப் பார்ப்பது? ஈபெல் கோபுரத்திலிருந்து லூவர் அருங்காட்சியகம் வரை ஓடி ஓடிப் பார்த்தவருக்குக் கால்வலிதான் நினைவில் நிற்கும். அரியலூரிலிருந்து ஒருவர் சென்றால், இரண்டே இடங்களைக் காட்டுவேன்.

மாநாட்டில் முன்னின்ற பேராசிரியர் ழான் ஃபிலியோசா, 1955இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தவர். அவர் பணியாற்றிய கொலேஜ் து பிரான்சு என்னும் கல்விக்கூடத்திலிருந்து அரைமணிக்குள் நடந்து சென்றால், தாவரத் தோட்டம் ஒன்று வரும். அடியோடு அழிந்துபோன உயிரினங்கள் உண்டு என்பதை நிறுவிய குவியே ஆராய்ந்த இடம் அது. 1898இல் திறக்கப்பெற்ற தொல்லுயிர்க் கூடம் அங்கே உள்ளது. ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட அமோனைட்டு என்னும் கடலுயிரின் கல்லுருவங்களை அதில் காணலாம். நாம் சாளக்கிராமம் என்று வழிபடுவதும் இவ்வினத்துக் கல்லே.

அதே இனத்துக் கற்கள் அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிடைக்கின்றன. ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் நம் பகுதி கடலடியாய்க் கிடந்தது. அக்கடல் விட்டுச்சென்ற படிவுதான் இன்று சிமெண்டாகி மூட்டையில் போகிறது. தென்னிந்தியாவிலிருந்து சென்ற இத்தகைய புதைபடிவங்களை இலண்டனில் எட்வர்டு போர்ப்சு ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். பின்னர் பிளான்போர்டு என்னும் நிலவியலார் இங்குள்ள பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். ஆதலால் நம் ஊர்ப்பெயரை அறிந்த நிலவியல் அறிஞர் உலகெங்கும் உளர். நம் பள்ளிப் பிள்ளைகளிலோ, அப்பெயர் ஒரு பாறையின் பெயர் என்று அறிந்தவர் எத்தனை பேர்?

இரண்டாவது இடம் கீமே அருங்காட்சியகம். பதினோராம் நூற்றாண்டுச் சோழர் காலத்து நடராசர் அங்கே நிற்கிறார். பூவுமில்லை, தீபமுமில்லை. கண்டவுடன் பெருமிதமும் ஓர் உறுத்தலும் சேர்ந்தே எழும். கங்கைகொண்ட சோழபுரத்துச் சண்டேசருக்குச் சிவபெருமான் தலையில் மாலை சூட்டும் சிற்பத்தை முன்பே நின்று பார்த்தவருக்கே, இந்தச் செப்புத் திருமேனியின் தோளும் விரலும் எந்தக் கைகளின் மரபு என்பது விளங்கும். பாராதவருக்கு அது மற்றுமொரு பொம்மை. அருகில் நிற்கும் பிரெஞ்சுக்காரர், "அந்தக் கோயில் உங்கள் ஊருக்கு அருகில்தானே, எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது? அதன் மதிற்கற்களைப் பெயர்த்துக் கொள்ளிடத்தில் 1836இல் அணை கட்டிய கதையையும், 2004இல் அக்கோயில் உலக மரபுச் சின்னமான செய்தியையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஆகவே மாநாட்டுப் பயணத்திற்கு ஆயத்தம் செய்வது பாரிசில் அன்று, இங்கேதான். கடவுச்சீட்டும் கம்பளிக் கோட்டும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கங்கைகொண்ட சோழபுரத்திற்குப் பேருந்து ஏறுங்கள். அடுத்த ஞாயிறு பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூருக்குச் செல்லுங்கள். கல்லாய் மாறிய மரம் ஒன்று அங்கே வேலிக்குள் கிடக்கிறது. நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் அதைக் குறித்து உலகிற்கு அறிவித்தார். நீளம் பதினெட்டு மீட்டர். பக்கத்தில் நடந்து அளந்தால் இருபது எட்டுக்கு மேல் வரும்.