பென்டிரைவ் மேல் போட்ட பழி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் துறை சம்பந்தமாக ஏதாவது பேசு" என்றார் செயலாளர் அண்ணன். நான் செய்த தப்பு ஒன்றைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டுச் சரி என்றார். தப்பு ஒரு கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது. அதனால் கஷ்டப்பட்டவன் இதே ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறான். பெயர் சொல்ல மாட்டேன்.

2007 கடைசியில் வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணி ஹாஸ்டலுக்குக் கொண்டு வந்தேன். பிராசஸர் இன்டெல் பென்டியம் டூயல் கோர் இ2160. வேகம் 1.8 கிகாஹெர்ட்ஸ். மெமரி டிடிஆர்2-667, ஒரு ஜிபி ஸ்டிக் இரண்டு. இந்த பிராசஸரை ஓவர்கிளாக் பண்ணினால் நன்றாகப் போகும் என்று அப்போது எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கை துறுதுறுத்தது.

பஸ் வேகம் 200 மெகாஹெர்ட்ஸ். அதை 9ஆல் பெருக்கினால் 1800. அந்த 9ஐக் குறைக்கலாம், கூட்ட முடியாது, பூட்டி வைத்திருப்பார்கள். ஆகவே பயாஸுக்குள் போய் 200ஐ 240 ஆக்கினேன். 2.16 கிகாஹெர்ட்ஸ் வந்தது. விண்டோஸ் ஏறியது, பாட்டுப் பாடியது, கேம் ஓடியது. அறை அறையாகப் போய்ப் பெருமை அடித்துக்கொண்டேன். அவ்வப்போது நீலத்திரை வரும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு காரணம் எழுதியிருக்கும். விண்டோஸ் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

2009 மார்ச். பக்கத்து அறை நண்பன் தன் புராஜெக்ட் ரிப்போர்ட்டை என் மெஷினில்தான் டைப் பண்ணினான். என் ஹார்ட் டிஸ்கில் இடமில்லை. அதனால் நானே அவன் ஃபோல்டரை ஜிப் செய்து, அவன் பென்டிரைவுக்கு மாற்றிவிட்டு, ஒரிஜினலை அழித்தேன். பிரிண்ட் எடுக்கப் போன கடையில் ஜிப் திறக்கவில்லை. சிஆர்சி எரர். "மச்சான், உன் பென்டிரைவ் ஓட்டைடா" என்றேன். பாவம், நம்பினான். இரண்டு ராத்திரி தூங்காமல் மூன்றாவது, நான்காவது அத்தியாயங்களை மறுபடி டைப் அடித்தான்.

பரீட்சை முடிந்து மே மாதம் வீட்டில் விண்டோஸைப் புதிதாகப் போட உட்கார்ந்தேன். ஃபைலைக் காப்பி செய்ய முடியவில்லை என்று பாதியில் நிற்கிறது. இன்னொரு தடவை போட்டால் வேறு ஃபைலில் நிற்கிறது. சிடி கெட்டிருந்தால் ஒரே இடத்தில்தானே நிற்க வேண்டும்? அப்போதுதான் மெமரி மேல் சந்தேகம் வந்தது. மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலை சிடியில் எழுதி ராத்திரி ஓட விட்டேன். ஒரு பிழையும் இல்லை. மறுநாள் கத்திரி வெயில், மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடி ஓட விட்டேன். சிவப்பு வரிகள். எழுதிய எண் ஒன்று, திரும்பி வந்த எண் ஒன்று. வித்தியாசம் ஒரே ஒரு பிட். அந்த ஒரு பிட் போதும் ஒரு ஜிப்பைக் கெடுக்க.

நான் கவனிக்காமல் விட்டது இதுதான். மெமரியின் வேகமும் அதே பஸ்ஸிலிருந்துதான் வருகிறது, 3:5 என்ற விகிதத்தில். 200க்கு 333, ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை என்பதால் அது 667. பஸ்ஸை 240 ஆக்கினால் மெமரி 400, அதாவது 800. பயாஸில் எழுத்து மட்டும் 667 என்றே இருக்கும்! சிஎல் 5 என்று போட்டிருப்பதும் நேரம் இல்லை, துடிப்புகளின் எண்ணிக்கை. 333இல் ஐந்து துடிப்பு 15 நானோசெகண்ட், 400இல் 12.5 தான். வேலை அதேதான், அவகாசம் மட்டும் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. மெமரி செல் என்பது சின்னஞ்சிறு கெப்பாசிட்டர். சூடு ஏற ஏற அதில் சார்ஜ் சீக்கிரம் கசியும். ராத்திரி பாஸான மெஷின் மத்தியானம் ஃபெயில் ஆனதில் ஆச்சரியமே இல்லை.

சந்தேகம் வந்தால் போதாது, நிரூபிக்க வேண்டும். முதலில் ஹார்ட் டிஸ்க் கேபிளைக் கழற்றினேன். சோதனை நடக்கும்போது அதில் எதுவும் எழுதப்படக் கூடாது. எல்லாவற்றையும் பழைய 200க்குக் கொண்டுவந்து, அதே மத்தியான வெயிலில் ஓட்டினேன். சுத்தம். அப்படியானால் ஸ்டிக் கெட்டுப்போகவில்லை. (இங்கேயும் பிழை வந்திருந்தால், ஒவ்வொரு ஸ்டிக்காக, ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் பார்க்க வேண்டும்.) அடுத்து பஸ் 240, ஆனால் பெருக்கும் எண் 6. பிராசஸர் 1440 மெகாஹெர்ட்ஸ், கடையில் வாங்கியபோது இருந்ததைவிடவும் மெதுவாக. பிழை வந்தது. ஆக பிராசஸர் வேகத்தின் மேல் குற்றமில்லை. மூன்றாவதாக பஸ் 240, பெருக்கும் எண் 9, மெமரிக்கு மட்டும் 533 என்ற செட்டிங். அது 3:4 விகிதம், உண்மையில் 640இல் ஓடும், 667க்குள் அடக்கம். அன்று சாயங்காலம் வரை ஒரு சிவப்பு வரி இல்லை. 2.16 கிகாஹெர்ட்ஸ் அப்படியே கையில் இருந்தது. 1.8 வோல்ட்டைக் கொஞ்சம் ஏற்றிப் பார் என்றும் சொல்வார்கள். எந்த உறுப்பு திணறுகிறது என்று தெரிவதற்கு முன் வோல்டேஜை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை, இன்றும்தான். ஒரு விஷயம், மெமரி சரியானாலும் அதற்கு முன் டிஸ்கில் தப்பாக எழுதப்பட்டது சரியாகாது. விண்டோஸைப் புதிதாகத்தான் போட்டேன்.

தம்பி தங்கைகள் "இது பழைய கதை, இப்போது எக்ஸ்எம்பியை ஆன் செய்தால் போதும்" என்பீர்கள். அந்த எக்ஸ்எம்பியே ஓவர்கிளாக்கிங்தான் அப்பா! டிடிஆர்4இன் தர அளவு 1.2 வோல்ட். 3600 என்று விற்கும் ஸ்டிக் பெரும்பாலும் 1.35 வோல்ட் கேட்கும். ரைசன் 5 3600 பிராசஸருக்கு ஏஎம்டி உறுதி சொன்னது 3200 வரைதான், நாலு ஸ்டிக் போட்டால் அதுவும் குறையும். அப்போது மெமரி கன்ட்ரோலர் மதர்போர்டில் தனி சிப்பில் இருந்தது, இப்போது பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே ஸ்டிக் நல்லதாக இருந்தும் பிழை வரலாம். 3600இல் தகராறு செய்தால் 3200க்கு இறக்குங்கள். இரண்டு ஸ்டிக் என்றால் பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வோல்டேஜில் மட்டும் விளையாட வேண்டாம். ரைசன் 7000 வரிசையில் சில பிராசஸர்கள் எரிந்துபோன பிறகு, 2023இல் ஏஎம்டி அந்த வரிசையின் எஸ்ஓசி வோல்டேஜுக்கு 1.3 என்று வரம்பே கட்டியது.

நேரம் ஆகிவிட்டது, செயலாளர் அண்ணன் வாட்சைப் பார்க்கிறார். மே மாதமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனால் அவனுக்கு வேலை கிடைத்து வடக்கே போய்விட்டான், போனில் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் வருஷங்கள் ஓடிவிட்டன. டேய் மச்சான், அந்தப் பென்டிரைவ் நல்ல பென்டிரைவ்தான்டா. நீ அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கியபோது பக்கத்தில் நின்று மாடலும் நான்தான் சொன்னேன். பந்தியில் பக்கத்தில் ஒரு இடம் பிடித்து வை, வருகிறேன்.