நடுவயதில் ஒரு நெடும் பிரயாணம்

நெடும் பிரயாணம் என்பது போர்ட் கொச்சிக்குப் புதிய செய்தியன்று. சீன வலைகள் தாழ்ந்து எழும் அந்தத் துறைமுக வாயிலில் பல தேசத்து மாலுமிகள் வந்து இறங்கியிருக்கின்றனர். வாஸ்கோ ட காமா 1524-இல் கொச்சியிலேயே உயிர் நீத்து, அங்குள்ள புனித பிரான்சிஸ் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். சரித்திரம் பெயர் சொல்லும் இப்பிரயாணிகள் யாவரும் ஆடவரே. பெண்கள் தொலைவு கடந்து வராமலில்லை. அங்கே வெளி என்னும் பகுதியில், தோபிகானாவில் சலவைத் தொழில் புரியும் நம் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர், டச்சுக்காரர் காலத்தில் வந்து குடியேறியவர் என்பர். அக்குடும்பத்துப் பெண்கள் கடந்த வழியை எவரும் பிரயாணம் என்று எழுதி வைக்கவில்லை; பிழைப்பு என்றே கருதினர்.

பிழைப்புக்காகவோ, கணவனைத் தொடர்ந்தோ அன்றி, தன் விருப்பத்தினால் ஒரு பெண் தனித்து நெடுவழி செல்லலாமா என்பதே இன்று நாம் சிந்திக்கும் பொருள்.

கொச்சி வானொலியின் ரெயின்போ பண்பலையில் நிகழ்ச்சி வழங்கி வந்த அம்பிகா கிருஷ்ணா என்னும் பெண்மணி, 2022 ஏப்ரல் மாதத்தில் மோட்டார் சைக்கிளில் தனியாகப் பாரத யாத்திரை புறப்பட்டார். நாடெங்கும் உள்ள 25 ரெயின்போ நிலையங்களைச் சுமார் 50 நாட்களில் கண்டு வருவது அவர் வகுத்த திட்டம். விமானப் படையில் பணிபுரிந்த கணவரை மிக இளம் வயதிலேயே இழந்தவர் அவர். கைக்குழந்தையை வளர்த்து ஆளாக்கி, நாற்பதைக் கடந்த பின்னரே இப்பயணத்தை மேற்கொண்டார். உயிர் நீத்த படைவீரர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் மரியாதை செலுத்துவதே அதன் நோக்கம். கணவனை இழந்தவளுக்கு வீட்டு மூலையே இடம் என்று விதித்திருந்த சமூகத்தில், இச்செயலின் பொருளை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

உலகில் இதற்கு முன்னோடிகள் உண்டு. தெரசா வாலக், புளோரன்ஸ் பிளென்கிரன் என்னும் ஆங்கிலப் பெண்கள் இருவர் 1934-இல் லண்டனிலிருந்து புறப்பட்டு, மோட்டார் சைக்கிளிலேயே சகாராப் பாலைவனத்தைத் தாண்டிக் கேப்டவுன் சேர்ந்தனர். அவர்கள் இளம் பெண்கள். நடுவயதில் புறப்படுபவளின் நிலை வேறு. மணிக்கட்டும் இடுப்பும் விரைவில் களைப்படையும். இருட்டில் கண் கூசும். ஆயினும் பொறுமையும், எங்கே நிறுத்த வேண்டும் என்னும் அறிவும் அவ்வயதுக்கு மிகுதி.

அபாயத்தை நாம் மறைத்தல் தகாது. ஜெய்ப்பூரைச் சேர்ந்த வீனு பாலிவால் என்னும் புகழ்பெற்ற பெண்மணி, 2016 ஏப்ரலில் நாடு தழுவிய பயணத்தின் இடையே மத்தியப் பிரதேசத்தில் விபத்துக்குள்ளாகி உயிரிழந்தார். எனவே துணிவு மட்டும் போதாது. தலைக்கவசம் தரமானதாக இருத்தல் வேண்டும். டயரின் காற்றையும் பிரேக்கையும் ஒவ்வொரு காலையும் சோதிக்க வேண்டும். சங்கிலிக்கு எண்ணெய் இடவும் பஞ்சர் ஒட்டவும் தானே அறிந்திருக்க வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில் வடநாட்டுச் சாலைகளில் செல்வோர் விடியலில் புறப்பட்டு, நண்பகலில் நிழலில் தங்கி, இருட்டுமுன் ஊர் சேர்தல் நன்று. அன்றன்று தங்கும் இடத்தை வீட்டாருக்குத் தெரிவித்தல் அச்சத்தின் அடையாளமன்று, ஒழுங்கின் அடையாளம்.

பிற மாநிலங்களில் வாழும் நம் தமிழ் மாதருக்கு இப்பயிற்சியில் ஒரு பாதி முன்னரே கைவந்தது. மொழி தெரியாத கடைவீதியில் பொருள் வாங்கி, அறிமுகமில்லாத ஊரில் பள்ளியும் மருத்துவரும் தேடி, குடும்பத்தை நிலைநிறுத்தியவர்கள் அவர்கள். பிள்ளைகள் தலையெடுத்த பின், "சிறிது தூரம் தனியே போய் வரட்டுமா?" என்று அவர்களுள் ஒருவர் கேட்கக்கூடும். அது மோட்டார் சைக்கிளாக இருக்கலாம்; ரயிலாகவும் இருக்கலாம். அப்போது "துணைக்கு யார்?" என்று கேட்டு அப்பேச்சை முடித்துவிடுவது நம் வழக்கம். இனி, "வண்டி பழுது பார்த்தாயிற்றா? எந்த வழியாகப் போகிறாய்?" என்று கேட்கப் பழகுவோமாக.